பூ மாறவில்லை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதமும் ஐரிஸ் படங்களும் வந்தன. போர்ட்லாண்டில் வீடு வாங்கிய ஆண்டே நீ ஆசையாய்ப் போட்ட பாத்தி அது. இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா என்று நான்கு நிறம் பூத்த இடத்தில் இந்த மே மாதம் ஊதா மட்டும் நிற்கிறது. “எல்லாம் நிறம் மாறிவிட்டன பெரியம்மா. நிறம் நிற்காத கிழங்கைக் கொடுத்துக் கடையில் ஏமாற்றிவிட்டார்கள். பிடுங்கி எறியப் போகிறேன்” என்று எழுதியிருக்கிறாய். பல ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். மண்வெட்டியை எடு. ஆனால் எறிவதற்காக வேண்டாம், தோண்டிப் பார்ப்பதற்காக எடு.

ஐரிஸ் கிழங்கு இஞ்சியைப் போல மண்ணோடு படர்வது. அதன் வாழ்க்கை வாழையின் வாழ்க்கை. ஒரு கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பிறகு அதன் பக்கவாட்டில் கிளைத்த கன்றுகள் பூக்கும். பூவன் வாழையின் பக்கக்கன்று பூவன் குலைதான் தள்ளும், மொந்தன் தள்ளாது. ஐரிஸும் அப்படியே. அரேபியாவைச் சேர்ந்த ஐரிஸ் ஆல்பிகன்ஸ் என்ற வெள்ளை ஐரிஸ் விதை கட்டாத செடி. முஸ்லிம் கல்லறைகளில் நடுவதற்காக மக்கள் கிழங்காகவே கையோடு எடுத்துச் சென்று, மத்தியதரைக்கடல் நாடுகளெங்கும் அதைப் பரப்பினார்கள். பல நூற்றாண்டுகளாக அது வெள்ளையாகவே பூக்கிறது. கிழங்கின் வழியாக வரும் நிறத்துக்கு அவ்வளவு உறுதி. எப்போதாவது ஒரு கன்றில் மரபணு பிறழ்ந்து நிறம் வேறாகலாம். ஆனால் மூன்று ரகங்கள் சொல்லிவைத்தாற்போல ஊதாவாக மாறுவது அப்படி நடப்பதில்லை.

அப்படியானால் உன் பாத்தியில் நடந்தது என்ன? இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது நெருக்கடி. ஐரிஸ் கிழங்குகளை மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட வேண்டும். கிழங்கின் முதுகில் வெயில் பட வேண்டும். நீ நட்டதிலிருந்து பிரிக்கவே இல்லை. எல்லா ரகங்களுக்கும் ஒரே வலு கிடையாது. பழைய ஊதா ரகங்கள் பல, வேகமாகக் கிளைத்துப் படரும் முரட்டுச் செடிகள். அவை மேலேறிப் படர்ந்தால் மெலிந்த இளஞ்சிவப்பு நிழலில் சிக்கிப் பூக்காமல் கிடக்கும், அல்லது அழுகிப் போகும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த இடத்தில் இருந்த செடியே ஊதாவாகிவிட்டதாகத் தோன்றும். நிறம் மாறவில்லை. ஆள் மாறியிருக்கிறது.

இரண்டாவது விதை. வாடிய பூவை நீ கிள்ளாமல் விட்டிருந்தால் காய் கட்டி, வெடித்து, விதை பாத்திக்குள்ளேயே விழுந்து முளைத்திருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நாற்றும் பூக்கும். ஒட்டு மாமரத்துப் பழத்தின் கொட்டையைப் போட்டு அதே பழத்தை எதிர்பார்க்க முடியுமா? ஐரிஸ் விதையில் கலப்பு அதைவிட ஆழமானது. இதழில் தாடிபோல மயிர் கொண்டதால் தாடி ஐரிஸ் என்று பெயர்; ஐரோப்பியத் தோட்டங்களின் பழைய தாடி ஐரிஸ்கள் 24 குரோமோசோம் கொண்ட பாலிடா, வேரிகேட்டா ஆகிய இனங்களின் வழி வந்தவை. கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மேற்காசியாவின் பெரும்பூ ஐரிஸ்களைத் தருவித்து வளர்த்தார். அவற்றுக்கு 48 குரோமோசோம். இந்த இரு வழிகளும் கலந்து பிறந்தவைதான் இன்றைய உயரமான தாடி ஐரிஸ்கள். இவையும் 48 குரோமோசோம் கொண்டவையே. இப்படி ஒவ்வொரு மரபணுவுக்கும் நான்கு படிகளைச் சுமக்கும் செடி, தன் பூவில் காட்டாத எத்தனையோ நிறங்களை உள்ளே வைத்திருக்கிறது.

நீ இழந்துவிட்டதாக அழும் இளஞ்சிவப்பையே எடுத்துக்கொள். ஐரிஸில் நீலமும் ஊதாவும் ஆந்தோசயனினால் வருபவை. அது செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் கரைந்திருக்கும். மஞ்சள் கரோட்டினாய்டுகளால் வருவது. இளஞ்சிவப்பைத் தருவது லைக்கோபீன், அதாவது தக்காளியைச் சிவக்க வைக்கும் அதே பொருள். அதற்குரிய ஒடுங்கு மரபணுவின் நான்கு படிகளும் ஒரே செடியில் சேர்ந்தால்தான் அந்த நிறம் வெளிப்படும். ஒரு படி குறைந்தாலும் மறைந்தே கிடக்கும். இலினாய் மாநிலத்தின் டேவிட் ஹால் போன்றவர்கள் பல ஆண்டுகள் விதை போட்டு, பூக்கக் காத்திருந்து, வேண்டாதவற்றைக் கழித்துத்தான் 1940களில் நல்ல இளஞ்சிவப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹால் உருவாக்கிய ‘ஷெரி’ 1951இல் ஐரிஸ் ரகங்களுக்கு வழங்கப்படும் டைக்ஸ் பதக்கத்தைப் பெற்றது. அத்தனை பேர் பொறுமையில் வந்த நிறத்தை நெருக்கடியில் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் உனக்கு இருக்கட்டும். அந்த வருத்தம் நல்லது. கோபம்தான் வேண்டாம்.

உண்மையாகவே ஒரே செடி நிறத்தில் வேறுபடுவதும் உண்டு. குளிர்ந்த வசந்தத்தில் ஆந்தோசயனின் அடர்ந்து ஊதா கறுக்கும், வெயில் ஏறிய ஆண்டில் வெளிறும். நட்ட முதல் ஆண்டுப் பூவை வைத்து ரகத்தை எடைபோடக் கூடாது. களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலும் பூ முறுக்கிக்கொண்டு நிறம் கெடும். கேமராவும் நீலத்தையும் ஊதாவையும் கண்ணுக்குத் தெரிவதுபோல எப்போதும் காட்டுவதில்லை. ஆகவே கடைப் பட்டியலில் உள்ள படத்தைச் செடி தந்த வாக்குறுதியாக எண்ணாதே. ஆனால் இவையெல்லாம் சாயல் வேறுபாடுகள். மஞ்சளை ஊதாவாக்கும் வல்லமை இவை எதற்கும் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது இது. பூ இருக்கும்போதே ஒவ்வொரு தண்டிலும் நிறத்தை எழுதிக் கட்டிவிடு. பூக்காத இலை விசிறிகளில் ‘பூக்கவில்லை’ என்று எழுது. ஜூலையில் தோண்டு. ஊதாக் கிழங்கின் தொடரைப் பிடித்துக்கொண்டே போ. அது பழைய ஊதாத் தூரில் போய் முடிந்தால் படர்ந்து வந்தது. எந்தத் தூரோடும் சேராமல் தனியே நின்றால் பெரும்பாலும் விதையில் முளைத்தது. பூக்காத மெலிந்த கன்றுகளை எறிந்துவிடாதே. உன் இளஞ்சிவப்பு அவற்றில் ஒன்றாக இருக்கலாம். ரகத்துக்கு ஒரு இடம் ஒதுக்கி, வெயிலில், மேலாக நடு. எந்த ரகம் எங்கே என்று ஒரு நோட்டில் வரைந்து வை. அடுத்த ஆண்டு முதல் வாடிய பூவைக் கிள்ளிவிடு.

கண்ணம்மா, எதிர்பார்த்தது வராதபோது ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொல்வது எளிது. வேலையிலும் மனிதரிடத்திலும் இந்தச் சொல் உன் நாவில் முதலில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் ஒருமுறை தோண்டிப் பார்க்கும் பழக்கத்தை இந்தப் பாத்தியில் தொடங்கு. ஜூலையில் கிழங்குகளைக் கழுவி வரிசையாக வைத்து எனக்குப் படம் அனுப்பு. சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உன் பெரியம்மா