வைட்டமின் சி: உணவில் நன்மை, ஊசியில் எச்சரிக்கை

 

நம் இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. ஓயாமல் ஆக்சிஜனைச் சுமப்பதால், இரும்பு துருப்பிடிப்பதைப் போல அதுவும் சேதமடைகிறது. அதைத் தடுக்க வைட்டமின் சி உதவுகிறது. நம் உடல் அதைத் தயாரிப்பதில்லை. உணவில்தான் பெற வேண்டும். ஒரு கொய்யாப்பழமே ஒரு நாளைக்குப் போதும்.

ஆனால் ஊசி வழியாக மிக அதிகமாக ஏற்றினால், அதுவே இரத்தத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ‘ஜி6பிடி’ என்னும் நொதி இருந்தால் சிவப்பணு அதைத் தாங்கிக்கொள்ளும். பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். தாய்வழி வரும் இக்குறை ஆண்களிடமே அதிகம்; பலருக்கு அது இருப்பதே தெரியாது.

நிக்காஹ் நெருங்கும்போது நிறம் கூட்ட இந்த ஊசியைப் போடச் சிலர் விரும்புகிறார்கள். நிறத்துக்காக இது வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். சிகிச்சைக்காக மருத்துவரே சொன்னாலும், முதலில் ஜி6பிடி இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஊசிக்குப் பின் சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதைப் பேணுவோம்.