வேலையை விடாமல் சிறப்பாசிரியர் ஆவதற்கு

அன்புள்ள சகோதரிக்கு,

தனியார் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியையாக இருப்பதாகவும், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதே முழுநேர வேலையாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். முறையாகப் படித்துச் சிறப்பாசிரியர் ஆக ஆசை, சம்பளத்தை விட முடியாது, ஆன்லைனில் படித்தால் செல்லுமா என்பது உங்கள் கேள்வி.

படியுங்கள். வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். ஆனால் முழுக்க முழுக்கச் செல்போனிலேயே முடிந்துவிடும் படிப்பு எதிலும் சேராதீர்கள்.

நம் நாட்டில் சிறப்பாசிரியராகப் பணி செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நம் ஆட்கள் ‘ஆர்.சி.ஐ. நம்பர்’ என்பது இதைத்தான். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம். கவுன்சிலின் அனுமதி இல்லாத இடத்தில் வாங்கும் சான்றிதழுக்கு அந்த நம்பர் கிடைக்காது. ஆறு மாதத்தில் ஆன்லைன் டிப்ளமோ என்று வரும் விளம்பரங்களில் பணத்தைக் கட்டிவிட்டு, நேர்காணலில் நம்பர் கேட்கும்போது விழிக்கிற பெண்களைப் பார்த்து எனக்கு வயிறெரிகிறது. கடன் வாங்கிக் கட்டிய பணம் அது.

அனுமதியோடு தொலைநிலையில் படிக்கும் வழி இருந்துவருகிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறப்புக் கல்வியில் பி.எட். நடத்தியிருக்கிறது. பாடத்தை வீட்டில் படிக்கலாம். தொடர்பு வகுப்புக்கும் செய்முறைக்கும் நேரில் போயே ஆக வேண்டும். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். பிரெயில் எழுதுவதையே பாருங்கள். சட்டகத்தில் தாளை மாட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளிகள் மேலெழுந்து, இடமிருந்து வலமாகப் படிக்க வரும். இதை எத்தனை வீடியோ பார்த்தாலும் விரலுக்கு வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, தவறாகக் குத்திய புள்ளியைத் தடவிக் காட்ட வேண்டும்.

ஆனால் கல்லூரியில் மட்டும் படிப்பவருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. இரவு படித்ததைக் காலையில் செய்து பார்க்க ஒரு பையன் எதிரில் இருக்கிறான். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுப்பதை எல்லாப் புத்தகமும் சொல்லும். சட்டைப் பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்வோம். பொத்தானைப் பிடிக்க வேண்டும், காஜாவுக்கு நேரே கொண்டுவர வேண்டும், விளிம்பை நுழைக்க வேண்டும், மறுபக்கம் பிடித்து இழுக்க வேண்டும். கடைசிப் படியிலிருந்து தொடங்குவது ஒரு முறை. முக்கால்வாசி நுழைந்த பொத்தானை அவன் இழுத்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் நீங்கள் செய்துவிடுவீர்கள். முதல் நாளே பொத்தான் போட்டு முடித்த சந்தோஷம் அவனுக்கு. அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடுவீர்கள். எந்தப் படியில் விரல் நழுவுகிறது, எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்பதைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். படிப்பில் ஒரு குழந்தைக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதச் சொல்லும்போது மற்றவர்கள் கற்பனையாக ஒரு குழந்தையை எழுதுவார்கள். உங்களுக்கு அந்தத் தேவை இராது.

எந்தப் பிரிவில் சேருவது என்பதை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்று பாடத்திட்டத்தில் பிரிவுகள் உண்டு. எல்லா இடத்திலும் எல்லாப் பிரிவும் இருக்காது. கிடைக்கிற பிரிவு எது, உங்கள் மனம் எந்தக் குழந்தைகளிடம் ஒட்டுகிறது என்று இரண்டையும் பாருங்கள்.

தலைமை ஆசிரியரிடம் இப்போதே பேசிவிடுங்கள். செய்முறை நாட்களுக்கு விடுப்பு தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சை நேரத்தில் பள்ளி ஆண்டு விழாவும் வந்து நிற்கும்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நம் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் உழைத்து, பணி நிரந்தரம் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையும் பயிற்சியும் தேவைப்படும் வேலைக்கு நிரந்தரச் சம்பளம் தர யோசிப்பது அநியாயம். பட்டம் வாங்கியதும் அரசு வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் ஒன்றுக்காக என்றால் இந்தப் படிப்பு வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் கடிதத்தில் அந்தப் பையனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், சம்பளத்தைப் பற்றி ஒரு வரிதான். அதனால்தான் படியுங்கள் என்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன், நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்கும், பிரிவுக்கும், படிப்பு மையத்துக்கும் மறுவாழ்வு கவுன்சில் தந்த அனுமதி இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி