தேங்காய்: காயா, கனியா, கொட்டையா?

அறிவியல் பாடவேளை. "தேங்காய் எவ்வகைக் கனி?" என்று சிஸ்டர் கேட்டார்கள். "கனியல்ல சிஸ்டர், காய்" என்றாள் ஒருத்தி. "கொட்டை" என்றாள் அடுத்தவள். "விதை" என்றாள் மூன்றாமவள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மூவர் சொன்னதிலும் உண்மை உண்டு. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்" என்றார்கள். அன்புச் சகோதரிகளே, அந்த விடைகளைச் சற்று ஆராய்வோம்.

தாவரவியலார் கூறுவது

தென்னைக்குக் 'கோகஸ் நியூசிஃபெரா' என்னும் பெயரை 1753இல் லின்னேயஸ் வெளியிட்டார். இரண்டாம் சொல்லுக்குக் 'கொட்டை தருவது' என்பது பொருள். ஆயினும் இலக்கணப்படி தேங்காய் கொட்டை அன்று. மாங்காயைப் போல அதுவும் உள்ளோட்டுத் தசைக்கனியே.

மாம்பழத்தில் மெல்லிய புறத்தோல், உண்ணும் சதை, கெட்டியான ஓடு, அதனுள் பருப்பு என அடுக்குகள் உள்ளன. தேங்காயிலும் அதே அடுக்குகள்தாம். வழவழப்பான மேல்தோல் புறத்தோல், நார் மட்டை இடைத்தோல், கொட்டாங்கச்சி உள்தோல். அதற்குள் இருப்பதே விதை. மாங்கனியில் இடைத்தோலைத் தின்று விதையை எறிகிறோம். தேங்காயில் இடைத்தோலை உரித்தெறிந்து விதையைத் தின்கிறோம்!

வெண்பருப்பும் தண்ணீரும் முளைக்கருவுக்கு வைக்கப்பட்ட உணவு. பருப்பின்மேல் ஒட்டியுள்ள பழுப்புத் தோலே விதையுறை. மூன்று கண்கள் ஏன்? தென்னம்பூவின் சூலகம் மூன்று சூலக இலைகளால் ஆனது. அவற்றுள் ஒன்றே விதையாக வளர்கிறது. அதற்குரிய மென்மையான கண்ணின் வழியாகவே முளை வெளிவருகிறது.

தொல்காப்பியர் கூறுவது

இனி, தென்னை மரமா? தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெளியே வைரம் உடையவை புல். உள்ளே வைரம் உடையவை மரம். தெங்கு, பனை, கமுகு, மூங்கில் முதலியன புல்லில் அடங்கும் என்பர் உரையாசிரியர்.

தாவரவியலும் இதை ஒட்டியே செல்கிறது. தென்னையும் புல்லும் ஒருவித்திலைத் தாவரங்கள். வேம்பையும் புளியையும் பருக்கச் செய்யும் கேம்பியம் என்னும் வளர்திசு தென்னைக்கு இல்லை. எனவே அதற்கு ஆண்டு வளையங்களும் இல்லை. அடித்தண்டின் வெளிப்புறம் உறுதி, நடுப்பகுதி மென்மை. நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊசியிலை மரமொன்று 18 மீட்டர் நீளத்தில் கல்லாய்க் கிடக்கிறதே, அவ்வினத்துக்குக் கேம்பியம் உண்டு. அது மரம், தென்னையோ வானளாவிய புல்!

வீட்டில் கூறுவது

அம்மாவிடம் கேட்டால் வகைப்பாடு வேறு. குரும்பை, இளநீர், வழுக்கை, தேங்காய், நெற்று, கொப்பரை என ஒரே பொருளுக்குப் பருவந்தோறும் ஒரு பெயர். குழம்புக்கு எது, எண்ணெய்க்கு எது, நாற்றுக்கு எது என்பது அப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. பழுத்த பின்னும் அதைப் பழம் என்று யாரும் அழைப்பதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது?

"எப்படி அழைத்தால் என்ன? சட்னி ஒன்றுதானே" என்று நீங்கள் கேட்கலாம். 2016இல் கோவா மாநிலத்தில் மரப் பாதுகாப்புச் சட்டத்தின் மரப்பட்டியலிலிருந்து தென்னை நீக்கப்பட்டது. அதனால் அதை வெட்ட அனுமதி தேவையில்லை என்றாயிற்று. எதிர்ப்பு எழவே 2017இல் தென்னை மீண்டும் மரமாயிற்று. தாவர நூலில் புல்லாக இருப்பது தவறன்று; சட்டத்தில் மரமாக இல்லாவிட்டால் அதற்குக் கோடரிதான்.

சிறு பாட்டிலில் விற்கும் தூய தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் தைலமா என்பதற்காக, சேலம் மத்திய கலால் ஆணையரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வகை மாறினால் வரியும் மாறும் அல்லவா? கூந்தலுக்கென்றே அடைத்து விற்றாலன்றி அது சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பர் 18 அன்று தீர்ப்பாயிற்று.

உயிரைப் பற்றிய செய்தியும் உண்டு. பாதாம், முந்திரி போன்றவை சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தேங்காயையும் அக்கொட்டைகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2025 ஜனவரியில் நீக்கியது. தேங்காய் ஒவ்வாமை அரிது. ஆனால் அறவே இல்லாததன்று. ஆகவே தோழியின் உணவுப்பெட்டியில் நம் உணவைப் பகிருமுன் ஒரு வார்த்தை கேட்பது நலம்.

நிறைவாக

நம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர், 1732இல் தம் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். தமிழ் ஒன்றே, தேடுவோர் தேவைக்கேற்ப வாயில்கள் நான்கு. தேங்காயும் அப்படித்தான். மாணவிக்கு அது கனி, தாய்க்குக் காய், உழவருக்கு விதை. தேர்வில் கேட்டால் 'உள்ளோட்டுத் தசைக்கனி' என்று எழுதுங்கள். வீட்டில் அம்மா "ஒரு தேங்காய் எடுத்து வா" என்றால், திருத்தாமல் எடுத்துக் கொடுங்கள்! ஒரே படைப்பில் இத்தனை பயன்களை வைத்த இறைவனுக்கு நன்றி கூறுவோம்.