மின்திரைக் கலைப் படைப்புகளைப் பேணுதல்

சிற்பமும் ஓவியமும் ஓலைச்சுவடியும் நாட்டின் பண்பாட்டுச் செல்வங்கள் என்பதை அனைவரும் அறிவர். திரைப்படச் சுருள், வீடியோ, இணையம் ஆகியவற்றைக் கொண்டு கலைஞர்கள் செய்த சோதனைப் படைப்புகளும் இச்செல்வத்தைச் சேர்ந்தவையே. கற்சிற்பம் பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும். இப்படைப்புகளோ ஒரு தலைமுறைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடியவை. ஆகவே, இவற்றைப் பேணும் முறையும் வேறாக இருத்தல் வேண்டும்.

ஒரே பிரதியின் அபாயம்

1969ஆம் ஆண்டில் ஓவியர் அக்பர் பதம்சீ, தமக்குக் கிடைத்த நேரு நல்கையைக் கொண்டு, அன்றைய பம்பாயில் ‘விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப்’ என்ற கலைப் பட்டறையை நிறுவினார். அங்கு நளினி மாலனி ‘டிரீம் ஹவுஸஸ்’ என்ற படத்தை உருவாக்கினார். பதம்சீ எடுத்த ‘ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ என்ற படத்திற்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அது தொலைந்துபோயிற்று. 2016இல் இயக்குநர் ஆஷிம் அலுவாலியா, முதுமை எய்தியிருந்த பதம்சீயின் துணையுடன் அதே பெயரில் வேறொரு படம் எடுத்தார். ஆயினும் மூலப் படம் மீளவில்லை. மாலனியின் படமோ எஞ்சியிருந்தமையால், அவருடைய பிற்காலப் படம் ஒன்றுடன் இணைந்து ‘யுடோபியா’ என்ற இருதிரைப் படைப்பாக மறுவாழ்வு பெற்றது.

கருவி மறைந்தால் கலையும் மறையும்

காந்த நாடாவில் பதிந்த படம் காலப்போக்கில் சிதைகிறது. நாடா நன்னிலையில் இருப்பினும், அதை இயக்கும் கருவி கிடைப்பது அரிதாகி வருகிறது; வி.எச்.எஸ். கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016இல் அப்பணியை நிறுத்திவிட்டது.

இணையக் கலையின் நிலை இன்னும் சிக்கலானது. ஷில்பா குப்தா 2003இல் இலண்டன் டேட் கலைக்கூடத்திற்காகச் செய்த ‘பிளெஸ்ட் பேண்ட்வித்’ பார்வையாளரின் பங்கேற்பால் இயங்கும் வலைத்தளப் படைப்பு. இத்தகைய படைப்பில் கோப்பை மட்டும் சேமித்தால் போதாது. அது இயங்கும் சூழலும் வேண்டும். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிவுற்றபோது எண்ணற்ற படைப்புகள் இயங்காமற்போயின. பழைய சூழலைப் புதிய கணினியில் போலச் செய்துகாட்டும் ‘ரஃபிள்’ போன்ற மென்பொருள்களால் அவற்றுட் பல மீட்கப்பட்டன.

திறந்த காப்பகம்

பூட்டிவைப்பது மட்டுமே பாதுகாப்பு அன்று. பலர் கண்டு பயன்படுத்துவதும் பாதுகாப்பே. மும்பையின் ‘கேம்ப்’, பெங்களூரின் ‘ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம்’ உள்ளிட்ட அமைப்புகள் 2008இல் தொடங்கிய ‘பாட்.மா’ இணையக் காப்பகம் இக்கருத்தின் செயல்வடிவமாகும். வீடியோவின் ஒவ்வொரு பகுதிக்கும் நேரக் குறிப்புடன் விளக்கம், உரையாடலின் எழுத்துவடிவம், குறிச்சொற்கள் ஆகியவற்றை இதில் சேர்க்கலாம். காட்சி எங்கே, எச்சூழலில் எடுக்கப்பட்டது என்பதை அறியும்போது பார்ப்பவரின் சுவையுணர்வும் வளர்கிறது.

இதைக் காணப் பெருநகர அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆனேக்கலில் இருக்கும் மாணவரும் தம் கைப்பேசியிலேயே காணலாம்.

செய்ய வேண்டியவை

கல்லூரிகளும் நூலகங்களும் தம்மிடமுள்ள ஒளிநாடாக்களையும் குறுந்தகடுகளையும் பட்டியலிடுதல் முதற்படியாகும். படைத்தவர் பெயர், ஆண்டு, பயன்படுத்திய கருவி, மென்பொருள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். உரிமையாளரின் இசைவு பெற்றுப் பிரதி எடுத்து, இரு வேறு இடங்களில் வைத்தல் நன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை இயக்கிப் பார்ப்பதும் இன்றியமையாதது. ஒரே பிரதியை இழந்த பதம்சீயின் அனுபவம் மீண்டும் எவருக்கும் நேராதிருக்க இவ்வெளிய நடவடிக்கைகள் பெரிதும் உதவும்.