புத்தகப் பையில் பெட்ரோல் பாட்டில்

அன்று ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முதல் பாடவேளை. வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதே பெட்ரோல் வாசனை அடித்தது. வெளியே ஏதாவது வண்டி நிற்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதுவும் இல்லை. வாசனை மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. ஒரு மாணவனின் புத்தகப் பையில், கணக்கு நோட்டுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக்குப் பெட்ரோல் இருந்தது. பாட்டில் லேசாக உப்பியிருந்தது. எங்கள் வகுப்பறையை ஒட்டியே சத்துணவுக் கூடம். அந்த நேரத்தில் அங்கே அடுப்பு எரியத் தொடங்கியிருக்கும்.

முதலில் அடுப்பை அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். மாணவர்களை வேப்பமரத்தடிக்குப் போகச் சொல்லிவிட்டு, பாட்டிலைத் திறக்காமல் அப்படியே எடுத்துப் போய்த் திடலின் மறுகோடியில் நிழலில் வைத்தேன். தலைமையாசிரியரிடம் சொன்னேன். பிறகுதான் அந்த மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அப்பா வண்டி பெட்ரோல் இல்லாம வீட்டுல நிக்குது சார். சாயங்காலம் பங்க்ல கூட்டமா இருக்கும்னு காலையிலயே வாங்கிட்டேன்."

"பாட்டில்ல வாங்கக் கூடாதுன்னு தெரியாதா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அன்னைக்கு உங்களுக்கும் பாட்டில்லதானே சார் வாங்கிட்டு வந்தேன்?"

உண்மைதான். அதற்கு நான்கு மாதம் முன்பு என் கார் பள்ளிக்கு 4 கிலோமீட்டர் முன்னால் நின்றுவிட்டது. இரண்டு நாளாக எரிந்த ரிசர்வ் விளக்கை 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டிருந்தேன். சைக்கிளில் வந்துகொண்டிருந்த இவனிடம் 100 ரூபாயைக் கொடுத்து அனுப்பினேன். பங்க் ஊழியர் முதலில் தர மறுத்தாராம். "எங்க சாருக்கு" என்று இவன் சொன்னதும் கொடுத்தாராம். விதியை மீற என் பெயரே சிபாரிசாக இருந்திருக்கிறது.

மாணவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் அப்பா டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, பள்ளி வாசலுக்கு வெளியே வைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு போனார். அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கினேன். அந்த வகுப்புகளில் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இருசக்கர வாகனமோ காரோ இல்லாத மாணவர்கள் இப்போது மிகக் குறைவு என்பதால் எந்தப் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

முதல் கேள்வி, பெட்ரோல் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பது. தீக்குச்சியைப் பெட்ரோலில் போட்டால் பெட்ரோல் எரியும் என்று மாணவர்கள் சொல்வார்கள். எரிவது திரவமல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்குப் பெட்ரோல் ஆவி விடும். டீசலுக்கு அந்த நிலை வர இதைவிட மிக அதிக வெப்பநிலை வேண்டும். நம் ஊர் வெயிலில் பெட்ரோல் எப்போதும் தயாராகவே இருக்கிறது. இன்னொன்று, அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. சமையல் புகை போல மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தைத் தேடிப் போகும். வழியில் எங்காவது நெருப்பைத் தொட்டால் வந்த வழியே தீ திரும்பி வரும்.

இதைக் காட்டுவதற்காக எக்காரணம் கொண்டும் பெட்ரோலை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு சொம்பில் சமையல் சோடாவைப் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் சொம்பில் கார்பன் டைஆக்சைடு நிறைந்திருக்கும். சார்ட் அட்டையை வாய்க்கால் போல மடித்துச் சரிவாகப் பிடித்து, கீழ்முனையில் எரியும் மெழுகுவத்தியை வையுங்கள். சொம்பை மேல்முனையில், திரவம் சிந்தாமல், மெல்லச் சாயுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வழிந்து போய் மெழுகுவத்தியை அணைக்கும். எங்களுக்கு மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. மின்விசிறியை நிறுத்த மறந்திருந்தோம். "இது அணைக்கிறது. பெட்ரோல் ஆவி இதே மாதிரி போனால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். வகுப்பு சத்துணவுக் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

அடுத்து பாட்டில். எட்டாம் வகுப்பில் படித்த உராய்வு மின்னூட்டத்தை நினைவுபடுத்தி, தலையில் தேய்த்த சீப்பால் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டினால் போதும். குழாய் வழியே வேகமாகப் பாயும் பெட்ரோலும் மின்னூட்டம் பெறுகிறது. காரின் தொட்டியில் ஊற்றும்போது அது பரவி வெளியேற வழி உண்டு. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் பாட்டிலில் அது தங்கிவிடும். ஒரு சிறு பொறி போதும். அவசரத்துக்கு வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதற்கென உள்ள மூடியுடைய கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். கையில் தூக்கிப் பிடித்தோ வண்டியின் மீது வைத்தோ நிரப்பக் கூடாது.

மாணவர்களை நான் பங்குக்குள் அழைத்துப் போகவில்லை. வண்டிகள் வந்து போகும் இடம் அது. பெற்றோருடன் அடுத்த முறை போகும்போது கவனித்து எழுதி வரச் சொன்னேன். எஞ்சின் நிறுத்தப்பட்டதா? இருசக்கர வண்டியிலிருந்து எல்லோரும் இறங்கினார்களா? இயந்திரத்தில் பூஜ்யம் பார்த்தார்களா? நாசில் தானாக நின்ற பிறகும் மேலே மேலே ஊற்றச் சொன்னார்களா? மூடி 'டக்' என்று விழும்வரை திருகப்பட்டதா? கைப்பேசி யார் கையில் இருந்தது? இதில் ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டாள். "போன் பேசாதீங்கன்னு போர்டு இருக்கு. அதே தூண்ல பணம் அனுப்ப க்யூஆர் கோடும் ஒட்டியிருக்கே சார்?" என் கருத்து இதுதான்: கைப்பேசியால் வரும் பொறியைவிட, அதைப் பார்த்துக்கொண்டு நாசிலையும் குழந்தையையும் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஆனாலும் விதி விதிதான். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பணம் அனுப்பலாம்.

அளவு பற்றிச் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவுக்குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரை வேறுபாடு அனுமதிக்கப்பட்டது. அது எத்தனை சதவீதம் என்பதை ஏழாம் வகுப்பு மாணவரே சொல்லிவிடுவார்.

பத்தாம் வகுப்புக்கு இன்னும் நல்ல தீனி இருக்கிறது. 'விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெப்ப இயற்பியல் பாடத்தில் வரும் பரும விரிவை இங்கே பயன்படுத்தலாம். ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவடையும். பங்கின் தொட்டி நிலத்துக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை பெரிதாக மாறாது. 2 டிகிரி மாறுவதாகவே வைத்தாலும் 20 லிட்டருக்கு 40 மில்லிலிட்டர். ஏறக்குறைய 4 ரூபாய். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 'கோடையில் தொட்டியை நிரப்பினால் வண்டி வெடிக்கும்' என்ற வாட்ஸ்அப் செய்திக்கும் இதே கணக்குதான். 35 லிட்டர் 15 டிகிரி சூடானால் அரை லிட்டருக்குச் சற்றே அதிகமாக விரியும். அதற்கான இடம் தொட்டியில் விடப்பட்டிருக்கிறது. நாசில் தானாக நின்றதோடு நிறுத்தினால் அந்த இடம் அப்படியே இருக்கும். 'ரவுண்டா போடுங்க' என்று திணித்தால்தான் அது போய்விடும்.

இனி சிக்கனம். பாட்டில் கதையிலிருந்து இது வேறு விஷயம் போலத் தெரியும். ஆனால் என் கார் வழியில் நின்றதற்குக் காரணமே, ஒரு லிட்டருக்கு அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான். கணக்கு வைத்திருப்பவருக்கு ரிசர்வ் விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும். அவருக்குப் பாட்டில் தேவைப்படாது.

வகுப்பில் ஒரு நோட்டுப் போட்டோம். நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கே இது நல்ல வகுத்தல் பயிற்சி. என் கார் 426 கிலோமீட்டருக்கு 27.2 லிட்டர் குடித்திருந்தது. அதாவது 15.7. விற்றவர் 20 என்று சொல்லியிருந்தார்.

காரணம் தேடினோம். டயரில் இருக்க வேண்டிய காற்று 30, இருந்தது 22. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்தூணில் ஒட்டியிருக்கும் சிறு அட்டவணையில் அந்த அளவு இருக்கும். டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். பங்கில் காற்று இலவசம். டிக்கியில் இரண்டு ஆண்டுப் பழைய விடைத்தாள் கட்டுகள். என்னோடு மூன்று ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டு வாசலில் தினமும் ஆறேழு நிமிடம் ஏசியோடு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பேன். (அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

வேகம்தான் முக்கியம். வீட்டிலிருந்து பள்ளிக்கு 23 கிலோமீட்டர். 70இல் போனால் 20 நிமிடம், 50இல் போனால் 28 நிமிடம். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 70ஐ 50ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.96; தடை ஏறக்குறைய இரட்டிப்பு. "எட்டு நிமிஷம் முன்னாடி கிளம்பினாப் போதும்ல சார்?" என்றான் ஒருவன்.

வேகத்தடை வரை அழுத்தி ஓட்டிவிட்டுக் கடைசியில் பிரேக் பிடிப்பதையும் கணக்கிட்டோம். ஆட்களோடு கார் 1000 கிலோகிராம். 60 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 139 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். எத்தனால் கலந்ததில் இதைவிடக் கொஞ்சம் குறைவு. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது என்று வைத்தால், 60இல் வந்து நின்று, மறுபடி 60ஐத் தொட சுமார் 17 மில்லிலிட்டர் வேண்டும். ஒரு இருமல் மருந்து மூடியை விட அதிகம். எங்கள் வழியில் 11 வேகத்தடைகள். முன்கூட்டியே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக வேகம் குறைய விட்டால் இதில் பெரும்பகுதி மிஞ்சும்.

எல்லாவற்றையும் மாற்றிய பின் 431 கிலோமீட்டருக்கு 23.9 லிட்டர். லிட்டருக்கு 18. மாதம் 24 நாளுக்கு 1104 கிலோமீட்டர் என்றால் 9 லிட்டர் மிச்சம், சுமார் 900 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வரும் என்றதும் வகுப்பில் எதிர்ப்பு. "முக்கால் கிலோ பெட்ரோல்ல எப்படி சார் ரெண்டேகால் கிலோ வரும்?" மீதி எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன் என்பதை அவர்களே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுவதும் ஆனது. செலவிடத் தகுந்த பாடவேளைதான்.

கடைசியில் அதே க்யூஆர் கோடு மாணவி மடக்கினாள். "காத்து அடிச்சதுல எவ்வளவு, வேகம் குறைச்சதுல எவ்வளவு சார்?" பதில் இல்லை. நான்கையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றியிருக்க வேண்டும். நாசில் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே இடத்தில் நிற்காது என்பதால், ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவு சொல்வதும் சரியல்ல. செய்து பார்க்கும் ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே இதைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது டயர் காற்றை மட்டும் வைத்து மறுபடி தொடங்கியிருக்கிறோம்.

பாட்டில் கொண்டுவந்த மாணவன் தன் அப்பா வண்டிக்குத் தனியாக நோட்டுப் போட்டிருக்கிறான். சனிக்கிழமை தோறும் 2 லிட்டர், அப்பாவே வண்டியோடு போய்ப் போடுகிறார். போன வாரம் என் கார் வாசலில் நின்றதும் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "சார், முள்ளு கால்வாசிக்குக் கீழ வந்துடுச்சு. இன்னைக்கே போட்டுடுங்க."