நான்கு வாசல், ஒரே பந்தி

மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் தலைப்பாகை அணிந்த சீக்கிய அன்பர்களை நாம் காண்கிறோம். பாரிசை அடுத்த பொபினியில் அவர்களுக்குக் குருத்துவாரா உண்டு. அவர்களது தலையாய திருத்தலம் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் பொற்கோயிலாகும்.

நான்காம் குரு ராமதாசர் 1577இல் அங்கு திருக்குளப் பணியைத் தொடங்கினார். ஐந்தாம் குரு அர்ஜன் குளத்தின் நடுவே கோயில் எழுப்பி, 1604இல் ஆதி கிரந்தத்தை எழுந்தருளச் செய்தார். நெசவாளர் கபீர், செருப்புத் தைத்த ரவிதாசர் ஆகியோரின் பாடல்களும் அதில் உள. நாம் திருமுறையைப் போற்றுவதுபோல் அவர்கள் அந்நூலைக் குருவாகவே வணங்குகின்றனர்.

கோயிலுக்கு நான்கு திசையிலும் வாசல்கள். எவரும் வரலாம் என்பதே பொருள். ‘லங்கர்’ எனும் அன்னதானத்தில் அனைவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்வர். அவ்வரிசைக்குப் ‘பங்கத்’ என்று பெயர். நமது ‘பந்தி’யும் அதே வடசொல்லின் வழிவந்ததே.

நாமோ நந்தனாரை நாயனாராகக் கும்பிடுகிறோம். ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட அடியார்கள் தடுக்கப்பட்டனர். ஊரை விசாரித்துச் சாதியை அறியும் வழக்கம் கடல் கடந்தும் நம்மோடு வந்துள்ளது. அன்னதானப் பந்தியில் அருகில் இருப்பவரிடம் நம் பிள்ளைகள் அதைக் கேளாதிருக்க வேண்டுமாயின், முதலில் பெரியவர்களாகிய நாம் கேளாதிருப்போமாக.