தராசும் சட்டமும்



அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்தே 83ஆவது சூரா தொடங்குகிறது. நாட்டின் சட்டத்திலும் அது குற்றமே. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 264 முதல் 267 வரையான பிரிவுகள், பொய் எடையால் நிறுப்பதற்கு மட்டுமல்ல, ஏமாற்றும் எண்ணத்துடன் தெரிந்தே அதைக் கைவசம் வைத்திருப்பதற்கும் ஓராண்டு வரை சிறை விதித்தன. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்பிரிவுகள் இல்லை. தப்பித்தோம் என்று வியாபாரிகள் எண்ண வேண்டாம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. அதில் எடை குறைத்துக் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை ஓராண்டு வரை சிறை என்று உள்ளது. முத்திரையிடாத தராசும் குற்றமே. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை தேவை.

கறிக்கடையில் சான்றிதழைக் காட்டச் சொல்ல நம் பெண்கள் தயங்குகிறார்கள், தெரிந்த பாய் கடையாயிற்றே என்று. தாராளமாகக் கேளுங்கள். குறை கண்டால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.